கோலாக்கொட்டை உடைக்காமல் பெண் கேட்டவன்

என் தங்கை மகள் உகோயே ஒனிச்சா ஊர்ச் சந்தையில் துணி விற்கிறவள். ஒரு நாவல் எழுதினாள். பெண் கேட்டு வரும் இடம் இழுக்கிறது, சுருக்கினால்தான் அச்சிடுவோம் என்றார்கள் பதிப்பகத்தார். சுருக்கிப் பக்கத்துக் கடை உலுன்வாவுக்கு வாசித்தாள்.

"ஏண்டி, வந்ததும் வராததுமா பொண்ணு கேக்குறானே, நாய் துரத்துதா இவனை? விருந்தாளி வந்தா முதல்ல கோலாக்கொட்டை உடைச்சுக் குடுக்க வேணாமா?"

"இழுக்குதாம், அக்கா."

"இழுக்கட்டும். நம்ம ஆளுங்க அப்படித்தானே பேசுவாங்க."

உகோயே மாற்றி எழுதி வாசித்தாள். வந்தவர் மழையை விசாரித்தார், கிழங்கு விளைச்சலை விசாரித்தார். வீட்டுக்காரர் கொட்டையை உடைத்து முன்னோரை அழைத்தார். வந்த காரியத்தை மட்டும் யாரும் பேசவில்லை. அங்கே நிறுத்தினாள்.

துணி எடுக்க வந்தவர்கள்கூட நகரவில்லை.

"பொண்ணு குடுத்தாங்களா இல்லையா, அதைச் சொல்லுடி," என்றாள் உலுன்வா.

ஒரு வரி குறைக்காமல் அதையே பதிப்பகத்துக்கு அனுப்பினாள் உகோயே.