பாண்டிப் பக்கம் விழுந்த நிழல்

அன்று உப்பளத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். மேஸ்திரி, பாத்தியில் உப்பு வாரிய அண்ணன் தம்பி இரண்டு பேர், கூடை சுமந்த பெண்கள் நான்கு பேர், சுமை ஏற்ற வந்திருந்த லாரி டிரைவர். அந்த நான்கு பெண்களில் நான் ஒருத்தி. முதலாளி பிறகுதான் வந்தார். இதை எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒரு ஆள் கூடுதலாக இருந்திருந்தால் அந்தக் கத்தலை அவர் தலையில் போட்டுவிடலாமே என்று மனசு தேடுகிறது. எண்ணிக்கை எட்டைத் தாண்டியதே இல்லை. கத்தியது நான்தான்.

எங்களைத் தவிர அங்கே ஒரு கடிகாரமும் இருந்தது, ஓடாத கடிகாரம். முன்பெல்லாம் அது ஷெட்டுச் சுவரில் மாட்டியிருக்கும். அந்தச் சுனாமி டிசம்பரில் கடல் கால்வாய் வழியாக ஏறி உப்பளம் முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை, உப்பு வேலையும் தொடங்கவில்லை, அதனால் எங்கள் களத்தில் ஆள் சேதம் இல்லை. நான் தெருக்கோடி மேட்டில் நின்று பார்த்தேன். செம்மண் நிறத் தண்ணீர் சத்தமில்லாமல் ஒவ்வொரு வரப்பாக விழுங்கிக்கொண்டு வந்தது. இயல்பிலேயே நான் பயந்தவள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். அதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம், குடத்தில் தண்ணீர் அலம்பினாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன்.

தண்ணீர் வடிந்ததும் மேஸ்திரி அந்தக் கடிகாரத்தைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தார். இரண்டு முள்ளும் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தன. முதலாளி வேறு வாங்கித் தரவில்லை. மாசி மாதம் வேலை தொடங்கியபோது மேஸ்திரி ஷெட்டு வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கழியை நட்டார். லாரி டிரைவரின் கைக்கடிகாரத்தை ஒரு நாளைக்கு மட்டும் இரவல் வாங்கி, மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் ஒரு கல் வைத்தார். காலையில் மேற்கே கிடந்த நிழல் மெல்லத் திரும்பி, உச்சியில் வடக்கே, மெட்ராஸ் பக்கம் பார்த்து நின்றது. பொழுது சாய்ந்தபோது கடலைப் பார்த்துக் கிடந்தது. உச்சிக் கல்லை நிழல் தொட்டால் அரை நாள் கணக்கு, சோறு தின்னப் போகலாம்.

"மேஸ்திரி, கடிகாரம் செத்துப்போச்சே, கருமாதி எப்போ?" என்று தம்பிக்காரன் கிண்டல் செய்தான்.

"டேய், உனக்கு வாய்தான்டா முழம் நீளம்" என்றவர், செத்த கடிகாரத்தைக் கழிக்குப் பக்கத்தில் மல்லாக்கப் படுக்க வைத்தார். "முள்ளு ஏன் இந்தப் பக்கமாவே சுத்துது, சொல்லு பாப்போம்?"

"கம்பெனிக்காரன் அப்படி வெச்சிட்டான்."

"அந்தக் கம்பெனிக்காரன் எதைப் பாத்து வெச்சான்? கடிகாரம் இல்லாத காலத்துல குச்சி நட்டுத்தான் மணி பாத்தாங்க. நிழலு எப்படிப் போச்சோ அப்படியே முள்ளையும் போவ வெச்சிட்டான். இந்தக் கல்லையும் பாரு, இந்த நம்பரையும் பாரு. கோட்டக்குப்பத்துல வாட்ச் ரிப்பேர் பண்றவரு எனக்குச் சொன்னது."

நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். கற்கள் வளைந்து போன விதமும் எண்கள் போன விதமும் ஒன்றாகத்தான் இருந்தன. எனக்கு அன்று மனசுக்குள் ஏதோ ஒரு கதவைத் தாழிட்ட மாதிரி நிம்மதி. கடல் எப்படியோ போகட்டும், நிழலாவது ஒழுங்காகப் போகிறதே என்று நினைத்தேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எனக்கு யாரும் இப்படி ஒரு காரணத்தைச் சொன்னதில்லை.

சித்திரையில் கோடை மழை கொட்டி, விளைந்த உப்பெல்லாம் கரைந்தது. கொஞ்ச நாள் வேலையே இல்லை. வைகாசியில் மறுபடி பாத்தி விளைந்து, வாரத் தொடங்கிய அன்றுதான் அது நடந்தது. மேஸ்திரி மடையைத் திறந்து, வாரி முடித்த பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் கூடையோடு ஷெட்டுப் பக்கம் போகும்போது கழியைப் பார்த்தேன். நிழல் கல் இல்லாத பக்கம், தெற்கே பாண்டிப் பக்கம் சாய்ந்து கிடந்தது. கூடையிலிருந்து ஒரு உப்புக் கட்டியை எடுத்து நிழலின் நுனியில் போட்டேன். அடுத்த நடையில் இன்னொன்று. மூன்றாவது நடையில் இன்னொன்று. மூன்று கட்டியும் வெயிலில் மின்னிக்கொண்டு என்னைப் பார்த்தன. நிழல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் மல்லாந்து கிடந்த கடிகாரத்தின் எண்களுக்கு நேர் எதிராக.

கூட வந்த அக்காவிடம், "யக்கா, நிழலு தலைகீழாப் போவுது, பாரேன்" என்றேன். அவள், "உனக்கு வேற வேலையே இல்லையா" என்று நடந்துவிட்டாள். தம்பிக்காரன், "அக்காவுக்கு இன்னிக்குப் பயப்படறதுக்கு வேற எதுவும் கிடைக்கல" என்று சிரித்தான். நான் கிழக்கே பார்த்தேன். சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பூமி புரண்டிருந்தால்தானே நிழல் புரளும்? மார்கழியில் புரண்டது இப்போது திரும்பிப் புரள்கிறது என்றே பட்டது. கூடை என் தலையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. "தண்ணி வருது! தண்ணி வருது!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அந்த வருஷத்தில் அந்த வார்த்தையைக் கேட்டு யார் நின்று யோசிப்பார்கள்? எல்லோரும் ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். லாரி டிரைவர் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார். மேஸ்திரி கடைசியாக வந்தார், விழுந்த ஒருத்தியைக் கைப்பிடித்துத் தூக்கிக்கொண்டு. மடை திறந்தது திறந்தபடி கிடந்தது. ரோட்டில் வெகு நேரம் நின்றோம். தண்ணீர் வரவில்லை. திரும்பி வந்தபோது கால்வாய்ச் சேறு கலந்த தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு, வாராமல் இருந்த பாத்திகளுக்குள் இறங்கியிருந்தது. வெள்ளையாகப் பூத்திருந்த உப்பு தேநீர் நிறத்தில் கிடந்தது.

முதலாளி வந்து, "யாரு முதல்ல கத்துனது?" என்றார். நான் மற்ற பெண்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். தெரிந்தவர்கள் யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மேஸ்திரி என் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"நான்தாங்க போவச் சொன்னேன்" என்றார்.

"மடையைத் தொறந்து போட்டுட்டா? சரி, உச்சிக்கு முன்னாடியே ஓடிட்டீங்க. எவனுக்கும் அரை நாள் கூட கிடையாது."

"உச்சின்னு சொல்ற கல்லுகிட்ட நிழலே வரலைங்க. அப்புறம் எதை வெச்சி முன்னாடின்றீங்க?"

"கல்லு வெச்சி மணி பாக்குற ஆளு எனக்கு வேணாம்பா. நாளையிலேர்ந்து வராத."

அவ்வளவுதான். பதினெட்டு வருஷ வேலை. சாயங்காலம் மேஸ்திரி தன் பையிலிருந்து எல்லோருக்கும் அரை நாள் கூலி கொடுத்தார். நானும் கை நீட்டினேன்.

பத்து நாள் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று உள்ளே ஒளியப் பார்த்தேன். "ஏம்மா, கோட்டக்குப்பம் போயி அந்த வாட்ச்காரரை மறுபடி கேட்டேன்" என்றார். "நம்ம ஊர்ல வருஷத்துல நாலு மாசம் சூரியன் உச்சியில மெட்ராஸ் பக்கமாப் போவுதாம். அப்போ நிழலு பாண்டிப் பக்கம் விழுந்து, பின்னாலதான் சுத்துமாம். கடிகாரம் பண்ணவன் ஊரு ரொம்ப வடக்க. அங்க நிழலு இப்படித் திரும்பாது. அவன் பாத்ததை அவன் வெச்சிட்டான். வருஷா வருஷம் நடக்குறதுதான், நாமதான் பாக்கல. இனிமே பயப்படாத, தெரியுதா?"

தலையாட்டினேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். 'நான்தான் கத்தினேன், முதலாளியிடம் வந்து சொல்கிறேன்' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் என் வேலை என்னாகும், பிள்ளைகள் என்னாகும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் சொம்பைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் அவர் கோட்டக்குப்பத்தில் ஒரு மரக்கடையில் வாட்ச்மேனாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் கொடுத்த அரை நாள் கூலிப் பணத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். அவர் வாங்க மறுத்தால்? அவர் வீட்டம்மா நாலு பேர் முன்னால், 'உன்னாலதானே வேலை போச்சு' என்று கேட்டுவிட்டால்? பொம்மையார்பாளையத்திலேயே இறங்கி, எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். அந்த மழைக்காலத்திலேயே அவர் காய்ச்சலில் போய்விட்டார். தம்பிக்காரன்தான் வந்து சொன்னான், சிரிக்காமல்.

இப்போது என் வீட்டுச் சுவரில் ஓடுகிற கடிகாரம் இருக்கிறது. வைகாசி வந்தால் வாசலில் துணிக்கொடி கட்டிய கழியின் நிழல் பாண்டிப் பக்கம் விழுந்து பின்னால் நகர்கிறது. காரணம் தெரியும். இருந்தும் அதைப் பார்த்தால் உள்ளங்கை வேர்க்கிறது. அது கடலுக்குப் பயந்து இல்லை. பெண்களுக்கு அன்று நாள் கூலி எழுபது ரூபாய். அவருக்கு நான் தர வேண்டியது முப்பத்தைந்து ரூபாய்.