அம்மன் கேட்காத காணிக்கை

அந்தக் குப்பத்தில் குப்பம்மாளைப் போல இறால் தடவுகிறவள் கிடையாது. பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஏரித் தண்ணீரில் மண்டியிட்டுத் தவழ்ந்தபடி இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவாள். அகப்பட்டதெல்லாம் முகவாய்க்குக் கீழே தொங்கும் பறிக்குள் போகும். குப்பம்மாள் வாய் மூடியிருப்பது அந்த நேரத்தில் மட்டும்தான் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

மழை பொய்த்த அந்த வருஷம் கேலி பேச யாருக்கும் தெம்பில்லை. முகத்துவாரம் மணலால் அடைபட்டு, கடல் தண்ணீர் வராமல் ஏரி சுருங்கிக் கிடந்தது. ஒல்லாந்தர் கோட்டைப் பக்கம் அடிமைக் கப்பலுக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் பெருகிவிட்டார்கள். பிள்ளையைக் கொடுத்தால் அரிசி கிடைக்கும். கப்பலேறிய பிள்ளை திரும்பி வந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

அவள் புருஷன் கோதண்டத்தின் படகு சேற்றில் தரைதட்டிக் கிடந்தது. கையால் இறால் தடவுவது பெண்கள் வேலையாம், வலை வீசுகிறவனுக்கு அது கேவலமாம். வயிறு காய்ந்தாலும் ஐயாவின் வீறாப்புக்கு மட்டும் குறைச்சலில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவன், அம்மனுக்குப் பெரிதாகக் கொடுத்தால் பெரிதாகத் திரும்பி வரும் என்று பூசாரி சொன்னதைப் பிடித்துக்கொண்டான்.

“பெருசா குடுக்க நம்மகிட்ட இன்னா கீது? நம்ம பொண்ணு ருக்குதான் கீறா. அவள தரகன்கிட்ட வுட்டா சின்னவன் பொழைப்பான். அதுவும் சாமிக்குக் குடுக்கறதுதான்” என்றான்.

“நாளைக்கு ஒரு பறி எறா கொண்டாறேன். அதுவரைக்கும் தரகன்கிட்ட போவாத” என்றாள் குப்பம்மாள்.

மறுநாள் விடிந்ததும் ஏரியில் இறங்கினாள். பலமுறை கையில் வெறும் சேறுதான் வந்தது. அம்மன் உண்மையிலேயே கேட்கிறாளோ? மகளைக் கொடுக்க மாட்டேன் என்றால் மகனை எடுத்துக்கொள்வாளோ? யாரிடம் போய்க் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. உச்சிப்பொழுதில் பறி பாதிதான் நிறைந்திருந்தது.

அப்போது ருக்கு தண்ணீரில் நடந்து அவளிடம் வந்தாள்.

“எம்மா, நீ கஷ்டப்படாத. தரகரு வந்துட்டாரு, நான் போறேன். தம்பிக்கு அரிசி குடுப்பாங்களாம். சாமிக்கு நேந்து வுட்ட மாதிரின்னு நைனா சொல்லிச்சு.”

எட்டு வயசுப் பெண்ணின் முகத்தில் பெருமை இருந்தது. அதுதான் குப்பம்மாளைப் பயமுறுத்தியது. பதில் சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். கைகள் இரண்டும் சேற்றுக்குள் இருந்தன; வாயைத் திறந்தால் கயிறு நழுவிப் பறி கவிழ்ந்துவிடும். வீட்டில் சின்னவன் பசியோடு படுத்திருந்தான்.

வாயைத் திறந்தாள்.

“சாமி கேக்கலடி. நானும் குடுக்கல.”

இறால்கள் துள்ளிக் கலங்கல் தண்ணீரில் மறைந்தன. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். தரகன் பக்கத்தில் நின்ற கோதண்டம் பறிக்குள் எட்டிப் பார்த்தான்.

“இவ்ளோ நேரம் தடவி ஒண்ணுமே இல்லியா?”

“இருந்துச்சு. இவளுக்குப் பதில் சொல்லப் போயி ஏரிக்கே குடுத்துட்டேன். இப்ப நீ குடு.”

“எங்கிட்ட இன்னா கீது?”

“ஒன் வீறாப்பு கீதே. எறங்கி எறா தடவு. பொண்ணையே குடுக்கத் துணிஞ்சவனுக்கு அது இன்னா பெருசாய்யா?”

தரகன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் புருஷனுக்கு ஆத்திரம் தலைக்கேறி மகளைத் தூக்கிக் கொடுத்துவிடுவானோ என்று குப்பம்மாள் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். கோதண்டம் தலைமுண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். அவனுக்குத் தடவவே தெரியவில்லை. நண்டு கடித்ததும் கெட்ட வார்த்தையில் திட்டினான். தரகன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த குடிசைக்கு நடந்தான்.

அன்று இரண்டு பேரும் தடவிக் கொண்டுவந்தது சட்டியின் அடியைத்தான் மறைத்தது. நாளைக்கு என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு அப்படியேதான் இருந்தது. ருக்கு இல்லாமல் மூன்று பங்காக வைத்திருந்தால் ஆளுக்கு இன்னும் ஒரு வாய் கூடுதலாகக் கிடைத்திருக்கும். குப்பம்மாள் நான்காக வைத்தாள்.