என் இடப்பக்கச் சாய்வு

என் மாடி அறையிலிருந்து கீழே இறங்கப் பதினேழு படிகள். இறங்கும்போது கைப்பிடி இடப்பக்கம் இருக்கும். கீழ்த்தளத்தில் மகளும் மருமகனும். ஒருமுறை நான் தடுக்கி விழுந்ததிலிருந்து, அறையைக் காலி செய்துவிட்டுக் கீழே வரச் சொல்லி மகள் நச்சரித்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். "அளந்து காட்டு, கேட்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில், தொழிலாளிகள் எத்தனை பாகை குனிகிறார்கள், எத்தனை முறை திரும்புகிறார்கள் என்று முப்பத்தொரு வருடம் எழுதியவன் நான். அளவு சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அவளுடைய கிளினிக்கில் கேமராவில் அசைவு தெரிய என் உடம்பில் பதினாறு பொட்டுகளை ஒட்டினார்கள். முதலில் உடற்கூற்று நிலையில் நிற்க வேண்டும்: நிமிர்ந்து, உள்ளங்கைகள் முன்னே பார்க்க. எல்லாக் கோணங்களுக்கும் அதுதான் தொடக்கம்.

"கைய நல்லா விரிங்க அங்கிள், பிச்சை கேக்கற மாதிரி," என்றாள் அளவெடுத்த பெண்.

"இதுவரைக்கும் கேட்டதில்லைம்மா."

"இன்னிக்குப் பழகிக்கோங்க."

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான்கு மரப்படிகளை ஆறு முறை இறங்கினேன். எதிரே இருந்த கேமரா படம் பிடித்தது. திரையைப் பார்த்து அந்தப் பெண் எழுதினாள்.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. உடல் வலப்பக்கம், அதாவது கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம், ஒன்பது பாகை சாய்கிறது. தனியாகப் படி இறங்குவது ஆபத்து. அடியில் மகளின் கையெழுத்து.

நான் சாய்வது இடப்பக்கம். என் சட்டைகளில் இடது முழங்கையில்தான் கைப்பிடியின் துருக்கறை. இடம் வலம் எல்லாம் உடம்புக்கு உரியவனைக் கொண்டு சொல்வது; அளவெடுத்த பெண்ணோ தன் எதிரே தெரிந்தபடி எழுதிவிட்டாள். தொழிற்சாலைக்குப் புதிதாக வருகிறவர்களும் முதல் வாரத்தில் இதே தவறைச் செய்வார்கள். சொன்னால் மகள் திருத்திவிடுவாள் என்று நினைத்து அவளிடம் சொன்னேன்.

"தெரியும்ப்பா," என்றாள்.

"எப்போ தெரியும்?"

"கையெழுத்துப் போடும்போதே."

"தெரிஞ்சுமா போட்ட?"

"இடதுன்னு எழுதினா நீங்க கீழ வருவீங்களா? சொல்லுங்க."

வர மாட்டேன். கெஞ்சியிருந்தாலும் அழுதிருந்தாலும் மறுத்திருப்பேன். நான் மறுக்காத ஒன்று எதுவென்று தெரிந்து, அதில் கை வைத்திருக்கிறாள்.

வேறு இடத்தில் அளந்துகொண்டேன். இடப்பக்கம், எட்டு பாகை. அந்தத் தாளை அவளுடைய சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். இன்றுவரை மாடியில்தான் இருக்கிறேன்.

தினமும் காலையில் அவள் வந்து ரத்த அழுத்தம் பார்த்து எண்ணைச் சொல்கிறாள். சரி என்கிறேன். அவள் கீழே போனதும் கருவியை எடுத்து நானே இன்னொரு முறை பார்க்கிறேன்.