நான்கு சைக்கிள்களும் ஒரு பின் சீட்டும்

எழுபதுகளின் நடுவில், கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். சைக்கிள் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப், அதன் அச்சு, பிரீவீல் இவற்றைச் செய்யும் கம்பெனி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்திருந்தேன். ஆனால் அங்கே எனக்குக் கொடுத்த வேலை, மற்றவர்கள் வரைந்த படத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து மையில் படியெடுப்பது. இரண்டு வருஷம் படியெடுத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு நாள் ஒர்க்ஸ் மேனேஜர் கூப்பிட்டார். புதிதாக வடிவமைத்த ஹப்பை நிஜமான சாலைகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உப்புக் காற்றுக்குப் பழவேற்காடு சாலை, சேற்றுக்கு ஆரணிப் பக்கத்து வயல் பாதை, கல்லுக்கு ஊத்துக்கோட்டை சாலை. சைக்கிள்களை அங்கே கொண்டுபோய்க் கொண்டுவர ஒரு கார் வாங்கப் போகிறோம் என்றார்.

"வண்டிய நீயே பாத்து செலக்ட் பண்ணும்மா. உள்ள என்னென்ன மாத்தணுமோ டிராயிங் போடு. ரெடியானதும் ரோடு டெஸ்ட் உன் பொறுப்பு. வண்டி கூட யார் போறாங்களோ அவங்கதான் இன்சார்ஜ்."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். இன்சார்ஜ் ஆனால் டிரேசிங் பலகையை விட்டு எழுந்துவிடலாம். அதற்குப் பிறகு என்னைத் திரும்ப உட்காரவைக்க முடியாது என்று நினைத்தேன். வீடு இருந்த பொன்னேரி வரை ஒரு ஸ்டேஷன் தூரம்தான் ரயில். இறங்குவதற்குள் முதல் பட்டியலை எழுதி முடித்திருந்தேன்.

சென்னையில் பழைய வண்டி விற்கும் ஒரு இடத்துக்குக் கம்பெனி லாரியில் போனோம். லாரியில் ஒரு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டேன். இருபத்திரண்டு அங்குல பிரேம், கேரியர், டபுள் ஸ்டாண்டு எல்லாம் மாட்டிய, ஊரில் எல்லோரும் ஓட்டுகிற சைக்கிள். அங்கே மூன்று வண்டிகள் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் சைக்கிளை ஏற்றி, இறக்கி, டேப் பிடித்து அளந்தேன். ஜீப்பின் பக்கங்கள் திறந்தவை, புழுதியை உள்ளே வாரிக் கொட்டும். வேனில் இடம் தாராளம், ஆனால் தரை இடுப்பு உயரம். நாளுக்கு எட்டுத் தடவை சைக்கிளைத் தூக்கினால் ஓட்டுகிறவர்களுக்கு ஓட்டத் தெம்பிருக்காது. மூன்றாவது, அம்பாசடரில் பின்பக்கம் பெட்டிபோல நீண்டு, முழுக் கதவு வைத்த எஸ்டேட் வண்டி.

கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, மூணு மணி நேரமா டேப்ப வச்சிக்கினு சுத்தற. காருக்கு ரவிக்க தைக்கப் போறியா?"

எங்கள் டிரைவர் சிரித்துவிட்டார். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், ஆண்கள் எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். "நைனா, அந்தம்மா கைல அளவு குடுக்காம தப்பிச்ச வண்டி இல்ல. நீ எழுந்து நின்னா உன்னயும் அளக்கும்" என்றார்.

எஸ்டேட் வண்டியை வாங்கினோம்.

கூரைமேல் கம்பி கட்டி சைக்கிளை வைத்துவிடலாமே என்று மேனேஜர் கேட்டார். நான் மறுத்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு சைக்கிளின் முன் சக்கரத்திலும் சுற்றுகளை எண்ணும் சின்னக் கருவி ஒன்று பொருத்தியிருந்தோம். அதுதான் ஓடிய தூரத்தைச் சொல்லும். கூரைமேல் வைத்தால் காற்றிலேயே சக்கரம் சுற்றி, ஓடாத மைல்களைக் கணக்கில் ஏற்றும். சக்கரத்தைக் கட்டிவிட்டாலும் போகிற வழியெல்லாம் உப்பும் புழுதியும் ஹப்புக்குள் போகும். சக்கரத்தைக் கழற்றி வைப்பதும் கூடாது, அச்சின் இறுக்கம் மாறிவிடும். ஆகவே சைக்கிள்கள் முழுசாக வண்டிக்குள்தான் போக வேண்டும். பழைய ஹப் போட்டவை இரண்டு, புதியது போட்டவை இரண்டு, நான்குக்குக் குறைந்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது, சோதனை செல்லாது என்று கடைசி வரியில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

அடுத்த மூன்று வாரங்கள்போல என் வாழ்க்கையில் அதற்கு முன் இருந்ததில்லை. பின் சீட்டைக் கழற்றி ஸ்டோரில் ஒப்படைத்தேன். தரையில் பலகை பரப்பி, டயர் உட்காரும்படி இரும்புப் பள்ளங்கள் நான்கு பொருத்தி, உள்ளே பழைய டியூப் ரப்பரை ஒட்டினோம். சைக்கிள்களை ஒன்றின் தலைப்பக்கம் அடுத்ததன் வால்பக்கம் வரும்படி மாற்றி மாற்றி நிறுத்தினால் ஹேண்டில்கள் மோதாது. ஒரே ஒரு போல்ட்டைத் தளர்த்தி ஹேண்டிலைத் திருப்பி அழுத்திவிட்டால் கூரை இடிக்காது. எல்லாம் ஆன பிறகும் பின்கதவு மூட இரண்டு அங்குலம் பற்றவில்லை. முன் சீட்டை இரண்டு அங்குலம் முன்னால் நகர்த்தினேன்.

"யம்மா, என் தொப்பையையும் டிராயிங்ல போட்டுக்கினியா இல்லியா? ஸ்டேரிங்கு இடிக்குது" என்றார் டிரைவர்.

"போட்டிருக்கேன். ஒரு அங்குலம் மிச்சம் இருக்கு."

"அது காலையில. நாஷ்டா துன்னப்புறம் இல்ல."

ஆட்களுக்கும் கணக்குப் போட்டிருந்தேன். டிரைவர் ஒருவர், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இருவர், பொறுப்பாளர் ஒருவர். முன் சீட்டு ஒரே நீளச் சீட்டு, ஐம்பத்தாறு அங்குலம். தலைக்குப் பதினான்கு. நெருக்கம்தான், ஆனால் போதும் என்று குறித்திருந்தேன்.

முதல் பயணத்து அன்று காலை எட்டு மணிக்கு ஃபைலும் சாப்பாட்டு டப்பாவுமாக வண்டி அருகில் போய் நின்றேன். நான்கு சைக்கிள்களும் ஏறி, வார் போட்டுக் கட்டியாகிவிட்டது. டிரைவர் ஏறினார். ஓட்டுகிற இருவரும் ஏறாமல் நின்றார்கள். இருவரும் பக்கத்துக் காலனிப் பையன்கள், என் வயதுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கதவைப் பிடித்தபடி சீட்டைப் பார்த்தேன். தலைக்குப் பதினான்கு அங்குலம். அந்த நான்காவது பதினான்கு அங்குலம் நான்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆட்களின் தோளோடு தோள், தொடையோடு தொடை இடித்துக்கொண்டு பழவேற்காடு வரை.

"நீ குந்து அக்கா, நாங்க எப்டியாச்சும்..." என்று ஒருவன் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். எப்படி என்று அவனுக்கும் தெரியவில்லை. பின்னால் ஒரு ஆள் கால் வைக்க இடம் இல்லை. அப்படித்தான் வரைந்திருந்தேன்.

மேனேஜர் வெளியே வந்து பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"சார், ஒரு சைக்கிளை இறக்கிட்டு, பின் சீட்டுல மூணுல ஒரு பங்கு திரும்பப் போட்டுடலாம். ரெண்டு நாள் வேலை. டிராயிங் இன்னிக்கே தர்றேன்."

"நாலு இல்லேன்னா டெஸ்ட் செல்லாதுன்னு நீதானே எழுதினே? அண்டர்லைன்கூட பண்ணியிருக்கே. டைரக்டர் வரைக்கும் போயாச்சும்மா அந்தப் பேப்பர்."

"அப்ப நான் ரயில்ல பொன்னேரி போய், அங்கேர்ந்து பஸ்ல..."

"வண்டி உனக்காக பஸ் ஸ்டாண்டுல காத்துக்கிட்டு நிக்கணுமா? நாலு பேர் பாத்தா என்ன சொல்வாங்க? உங்கப்பாதான் நாளைக்கு என்னைக் கேப்பாரு."

அப்பா எதுவும் கேட்டிருக்கமாட்டார். ஆனால் கேட்கமாட்டார் என்று மேனேஜரிடம் அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஸ்டோர் கிளார்க்கைக் கூப்பிட்டார்கள். ஹப்பின் உள்ளே எத்தனை பேரிங் குண்டுகள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அவர் என் ஃபைலை வாங்கிக்கொண்டு ஏறினார். நான்கு ஆண்களும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கணக்கு சரியாகவே இருந்தது.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஒரு தாள் என் மேஜைக்கு வரும். எந்தச் சாலை, எத்தனை மைல், ஹப் எப்படி இருக்கிறது. கீழே இரண்டு கட்டம்: பொறுப்பாளர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து. இரண்டாவது என்னுடையது. மறுபடியும் பலகையில் டிரேசிங் தாள், அதன் ஓரத்தில் இந்தத் தாள். எண்கள் மிக ஒழுங்காக இருந்தன. சேற்றில் ஓடிய நாளும் தார் ரோட்டில் ஓடிய நாளும் ஒரே மைல்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் ஒதுங்கி நின்றிருந்தேன். பழவேற்காட்டிலிருந்து திரும்பிய வண்டி நின்றது. பழைய ஹப் சைக்கிள்கள் இரண்டையும் காலையிலேயே ஒர்க்ஷாப்பில் பிரிக்கக் கொடுத்திருந்ததால் பின்னால் இடம் இருந்தது.

"பின்னாடி ஏறு யம்மா, டேஷன்ல உட்டுர்றேன்" என்றார் டிரைவர்.

ஒரு சாக்கைப் போட்டு, இரும்புப் பள்ளத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். முன்னால் நான்கு முதுகுகள். நான் வாங்கிய வண்டியில் நான் போனது அந்த ஒரு தடவைதான். வண்டி குலுங்கியபோது சைக்கிள்கள் அசையவே இல்லை. வார்கள் நன்றாகப் பிடித்திருந்தன.

"அஞ்சாவது சைக்கிளு மாதிரி கீறியே" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

முகத்துக்கு நேரே முன் சக்கரம். அந்த வாரம்தான் புது டயர் மாட்டியிருந்தார்கள். புது டயரில் மயிர் மயிராக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு நாள் சாலையில் ஓடினால் தேய்ந்துவிடும். எல்லாம் அப்படியே இருந்தன. விரலால் தடவிப் பார்த்தேன். சுற்றெண்ணும் கருவி மட்டும் முந்தின நாள் தாளில் இருந்ததைவிட இருபத்தைந்து மைல் கூடியிருந்தது.

"இன்னிக்கு எங்க ஓட்டினீங்க?"

கிளார்க் திரும்பாமல் சொன்னார். "பழவேற்காடு ரோடுதான் மேடம். செம உப்புக் காத்து."

ஓட்டுகிறவர்களில் ஒருவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குப் புரிந்துவிட்டது: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஏதோ ஒரு சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டிருக்கிறார்கள். எத்தனை நாளாகவோ.

மறுநாள் காலை அந்த டயரைக் கழற்றி எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டயரைத் தொட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்குத்தாம்மா கூட யாராவது விஷயம் தெரிஞ்சவங்க போகணும்னு சொல்றது" என்றார்.

அன்றைய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. யாராவது வந்து ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதி மேஜை டிராயரில் வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. மாதம் முடிந்ததும் அச்சகத்திலிருந்து புதுக் கட்டுத் தாள்கள் வந்தன. கீழே ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது: பொறுப்பாளர் கையெழுத்து.