கீழே இருந்த உப்பு

அன்றைக்குக் கிணற்றடியில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், ஆழ்துளை போடுவதற்காகச் சிதம்பரத்திலிருந்து குழாய்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்த போர்க்காரர்.

எங்கள் தீவு சின்னது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் மணல். பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரின்மேல் நிற்கிறது, வடித்த கஞ்சியில் தெளிவு மேலே நிற்பதுபோல. அந்தத் தெளிவைத்தான் எல்லா வீடுகளும் ஒரே கிணற்றிலிருந்து எடுத்துக் குடிக்கிறோம். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு இவ்வளவு தெரியாது. எட்டாவதோடு நின்றவன், பயம் மட்டும் இருந்தது.

அந்தப் பயத்தில்தான் கடலூரில் ஒரு ஃபில்டர் கடையில் பேனா மாதிரி ஒரு மீட்டர் வாங்கி வந்தேன். தண்ணீரில் முக்கினால் உப்புக்கு ஒரு எண் காட்டும். கிணற்று மோட்டார் ஓடினால் எண் ஏறும், ராத்திரி விட்டுவைத்தால் இறங்கும். சித்திரையில் இறங்குவது நின்றுவிட்டது. மோட்டாரும் காற்றை இழுத்தது. ஆழமாகப் போர் போட்டால் தண்ணீர் ஜாஸ்தி வரும் என்று மச்சான் வீட்டுக்கு வீடு வசூலித்து எட்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். நல்ல தண்ணீர் வராவிட்டால் பணம் வாபஸ் என்பது பேச்சு.

கிணற்றுக்குப் பக்கத்திலேயே குழாயை இறக்கிக் கைப்பம்பை மாட்டினார்கள். முதல் குடம் நன்றாகவே இருந்தது. மீட்டரும் நல்ல எண்தான் காட்டியது. போர்க்காரர் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அடித்துப் பார்க்கலாமா என்றேன்.

"தாலி கட்டிட்டு முடிச்சு சரியா விழுந்துச்சான்னு தொட்டுத் தொட்டுப் பாத்த ஆளு நீ. உனக்கு எப்பத்தான் நிம்மதி வரும் மாப்ள?" என்றார் மச்சான்.

என் மனைவி சிரிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே பம்பைப் பிடித்தாள். குடம் குடமாக மணலில் கொட்டினோம். வெயில் ஏற ஏற எண்ணும் ஏறியது. முதலில் வந்ததெல்லாம் குழாயோரமாகக் கசிந்து இறங்கிய மேல்தண்ணீர். கடைசியில் அவள் ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

"அண்ணா, இதுல சோறு ஆக்குனா உப்பே போட வேணாம். இத அடைச்சிடு. கிணத்துலயும் இது ஏறிடுச்சின்னா, எல்லாரும் படகுலதான் தண்ணி கொண்டாரணும்."

மச்சான் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். பிறகு குழாயை உருவச் சொன்னார். துளையைக் களிமண்ணால் அடைத்தோம். மோட்டாரையும் அன்று மாலையே கழற்றினோம். இப்போது வாளிதான், முறை வைத்து இறைக்கிறோம். மழைக்காலத்துக்கு முன்பே எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நான் மீட்டரை முக்கி எண்ணைச் சொல்கிறவரை மச்சான் வாளியைத் தொடுவதில்லை.

போர்க்காரர் அன்றைக்கே பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மீதியை இந்தப் பக்கம் வரும்போது தருகிறேன் என்றார். போன் செய்தால் கோபித்துக்கொள்வாரோ என்று இருக்கிறது. செய்யாவிட்டால் வீடுகளில் கேட்பார்களே என்றும் இருக்கிறது. வரவேண்டியது நாலாயிரம் ரூபாய்.