பெட்டிக்குக் கீழே நின்ற புல்

ரிகோத்தாவை உண்பதற்கு முன் முகர்ந்து பார்ப்பது நான் சிஞோரா என்று அழைக்கும் என் எசமானியின் வழக்கம். இத்தாலியின் தென்கோடித் தீவில், கால்சா என்ற நகர்ப்பகுதியில், புதுப்பித்த பழைய மாளிகை ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கும் அவருடைய வீட்டைப் பதினோரு வருடங்களாகத் துடைத்து வருகிறேன். இந்தப் பங்குனிக் கடைசியில் ஒரு காலை, அவர் மகன் சால்வோ மலையிலுள்ள தன் ஆட்டுப்பண்ணையிலிருந்து கொண்டுவந்த ஆட்டுப்பால் ரிகோத்தா, வெதுவெதுப்பு ஆறாத அந்த வெள்ளைப் பாற்கட்டி, கூடையோடு மேசையில் இருந்தது. கிழவி மூக்கை வைத்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இதில் புல் இல்லை. சாக்கு மணக்கிறது.” முதல் வருடங்களில் இந்த மோப்பத்தைப் பார்த்து மனதுக்குள் சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. அந்தப் புளித்த தவிட்டு மணம் என்னை நேரே மன்னார்ப் பெருநிலத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. விதைப்புக்காக வயல்களெல்லாம் அடைபட்ட பின், போக இடமில்லாமல் பட்டிக்குள்ளேயே நின்று தீனி தின்ற மாடுகளின் பாலும் இப்படித்தான் மணக்கும். பால் பொய் சொல்லாது. மாடு எங்கே நின்றது, எதைத் தின்றது என்பதைக் குடிப்பவனிடம் சொல்லிவிடும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தத் தேசத்துப் புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மிடம் மழையும் புல்லும் கைகோத்து வரும், கைகோத்துப் போகும். இங்கே மழை குளிரோடு வருகிறது. குளிரில் புல் மண்ணை அணைத்துக்கொண்டு படுத்திருக்கும், பங்குனி வெயில் வந்துதான் தட்டி எழுப்பும். எழும்பும் நேரத்தில் இரண்டு மழையாவது விழ வேண்டும். விழுந்தால் மலையெல்லாம் பச்சை பொங்கும், சித்திரையில் சுல்லா என்ற தீவனச்செடி சிவப்பாய்ப் பூக்கும், பாலில் தேன் வாசம் ஏறும். இந்த வருடம் மாசியிலேயே வெயில் ஏறிவிட்டது. புல் ஏமாந்து போய் முன்னதாகவே கண் விழித்தது. விழித்த புல்லுக்கு மழை இல்லை. அதன்பின் ஷிரோக்கோ, ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் அந்தச் சுடுகாற்று, மூன்று முறை அடித்தது. பல்கனியில் நான் காயப்போட்ட வெள்ளை விரிப்புகளில் செம்புழுதி படிந்த அதே நாட்களில், மலையில் கணுக்கால் உயரம்கூட வராத புல் கதிர் தள்ளியது. பயந்த புல் அப்படித்தான் செய்யும். வளர்வதை விட்டுவிட்டு விதை போட்டுச் சாகப் பார்க்கும்.

இது வானத்தின் வேலை. ஆனால் சால்வோவுக்கு வானத்தைத் திட்டிப் பழக்கமில்லை. அவனுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, ஆள் இருந்தான். சூசை. மன்னார்க்காரன், என்னைவிட ஐந்து வயது இளையவன், கோவிலில் பழக்கமானவன். ஆடு பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று சிஞோரா சொன்னபோது, “எனக்குத் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான், மாடுகளோடு வளர்ந்தவன்” என்று மூன்று வருடங்களுக்கு முன் சேர்த்துவிட்டது நான்தான். இப்போது பால் குறைந்துவிட்டது, மேய்ச்சலைக் கெடுத்தவன் சூசை, அடுத்த ஒப்பந்தம் கிடையாது என்று சால்வோ சொல்லிவிட்டான். ஒப்பந்தம் இல்லையென்றால் பெர்மேசோ இல்லை. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் அவனுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே இருந்தன.

எனக்கு ஏன் நெஞ்சு எரிந்தது என்றால், மாசியில் நடந்ததை நான் காதால் கேட்டவள். ஒரு மதியச் சாப்பாட்டில் சால்வோ தாயிடம் சொன்னான்: “மேல் நிலத்தை ஒரு மாதம் முன்னதாகவே திறந்துவிட்டேன். தீனிச் செலவு மிச்சம். அந்தத் தமிழன் இன்னும் வேண்டாம் என்று தலையாட்டினான். என் புல்லுக்கு அவனிடம் அனுமதி கேட்க வேண்டுமா?” இருவரும் சிரித்தார்கள். நான் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்தேன். தெற்கே ஒன்றரை மணி நேரம். கைப்பையில் ஒப்பந்தப் படிவம் இருந்தது. சூசைக்குத் தெரிந்த இத்தாலிய மொழி ஆடுகளுக்குப் போதும், வழக்காடப் போதாது. வழியெல்லாம் குன்றுகள் வைகாசி நிறத்தில் வெளுத்துக் கிடந்தன, சித்திரை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சூசை நிறுத்தத்துக்கு வந்திருந்தான்.

“அக்கா, பஸ் பிந்திப்போச்சோ?”

“ஓம். நீ என்னடா, இப்பிடி வத்திப்போனாய்? ஆட்டை விட மோசம்.”

“ஆட்டுக்கெண்டாலும் தீனி போடுறாங்கள்,” என்று சிரித்தான்.

மேல் நிலத்தில் செம்மறிகள் தலையைத் தூக்காமல் நடந்துகொண்டிருந்தன. மேய்ச்சல் இல்லாத ஆடு நடக்கும், நிற்காது. மண் தெரிந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் தோடம்பழப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் இரண்டு கல் பாரம். என்னவென்று கேட்டேன். ஊரில் முட்கொப்பைப் போட்டு ஒரு பாய் அகல நிலத்தை மாடு தொடாமல் மறைப்பானாம். அதற்குள் நிற்கும் புல் கெண்டைக்கால் தொட்டால்தான் பட்டியைத் திறப்பான். இங்கே முட்கொப்புக்குப் பதில் பெட்டி. ஓட்டைகளால் மழையும் வெயிலும் போகும், ஆட்டின் வாய் போகாது. ஆடு மிதிக்கும் முன்னரே, தை மாதத்தில் கவிழ்த்திருக்கிறான்.

குனிந்து ஓட்டையால் பார்த்தேன். உள்ளே கெண்டைக்கால் அளவு புல். இரண்டு சுல்லாப் பூ.

“டேய், இதை அவனுக்குக் காட்டினியா? இதுதானே உன்ரை சாட்சி! பொறுத்திருந்தா முழு நிலமும் இப்பிடி நிண்டிருக்கும்.”

“வேண்டாம் அக்கா. அது ரெண்டு பக்கமும் கதைக்கும்.”

நான் கேட்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துவிடும்.

சால்வோ காரில் வந்தான். என்னை மேலும் கீழும் பார்த்து, காது கேளாதவளுக்குச் சொல்வதுபோல் சத்தமாக, சொல் சொல்லாக, “நீ, இவனுக்கு, மனைவியா?” என்றான். பதினோரு வருடம் இவனுக்குக் கோப்பி ஊற்றிய கை இது. மாடி வீட்டுக்கு வெளியே என் முகம் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

“இல்லை. இன்றைக்கு இவனுடைய வாய்.”

அதன்பிறகே அவனுக்கு நான் யாரென்று விளங்கியது. கொஞ்சம் தணிந்து, “உங்கள் நாட்டில் புல் இருக்கிறதா? காடுதானே?” என்று கேட்டான்.

“இருக்கிறது. அதற்காக அடிவாங்கிய ஆட்களும் இருக்கிறார்கள்.”

சூசையைத்தான் சொன்னேன். அறுபது மாடு வைத்திருந்தவன். தலைமுறையாக மேய்த்த தரையில் ஒரு காலை எல்லைக்கல் நின்றது. உன் மாடு காட்டை அழிக்கிறது என்று ஒருவன் வந்து சொன்னான், உன் மாடு பயிரை அழிக்கிறது என்று இன்னொருவன் சொன்னான். மாடு வாயை எங்கே வைப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. விற்றான், கடல் தாண்டினான், இன்னொருவனின் ஆடுகளுக்குப் பின்னால் நடந்தான். இங்கேயும் அதே குற்றம்! வானம் பொய்த்தால் நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. தங்களுக்குக் கீழே நிற்பவனைக் குனிந்து பார்ப்பது சுலபம்.

நானே கல்லைத் தள்ளிப் பெட்டியைத் தூக்கினேன். அந்த மொட்டை நிலத்தில் பச்சைச் சதுரமாகப் புல் நின்றது. சால்வோ வெகுநேரம் பார்த்தான். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

“எக்கோ,” என்றான், இதோ பார் என்பதுபோல் கையை விரித்து. “அதே மண். அதே மழை. இங்கே வளர்ந்திருக்கிறது. அப்படியானால் வானத்தில் பிழையில்லை. இவனுக்கு மேய்க்கத் தெரியவில்லை.”

சூசை என்னைப் பார்க்கவில்லை. செம்மறிகள் பார்த்தன. நாலைந்து ஓடிவந்து எங்கள் கால்களுக்கு இடையால் தலையைக் கொடுத்து, தை முதல் காத்த சாட்சியைச் சுல்லாப் பூவோடு தின்று முடித்தன. யாரும் தடுக்கவில்லை. பசித்த வாயைத் தடுக்க அவனுக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை.

பிறகு நான் கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். மாசி மாதத்துச் சாப்பாட்டை, அவன் தாயிடம் சொன்ன வார்த்தைகளை, அவர்கள் சிரித்த சிரிப்பை, ஒன்றுவிடாமல் அவன் மொழியிலேயே திருப்பிக் கொடுத்தேன். “நீ திறக்கச் சொன்னாய். அவன் வேண்டாம் என்றான். நான் தொட்டியடியில் நின்றேன்.”

அவன் கழுத்து சிவந்தது. “உன்னைப் பாத்திரம் கழுவ வைத்தோமா, ஒட்டுக் கேட்க வைத்தோமா?”

“கை கழுவும்போது காதைக் கழற்றி வைக்க முடியாது.”

அவன் பட்டிப் பக்கம் திரும்பி மணி பார்த்தான். அப்புறம் நான் நீட்டிய படிவத்தை வாங்கி, கார் மூடியின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான், ஒரு வருடத்துக்கு. என் நியாயம் அவனை அசைத்தது என்று எழுத ஆசைதான். மாலையில் பால் கறக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை, வேறு ஆள் கிடையாது. கையெழுத்து வாங்கியது ஆடுகளின் மடிதான். கதவைத் திறந்தபடி என்னிடம் சொன்னான்: “நாளையிலிருந்து அம்மா வீட்டுக்கு வரவேண்டாம்.”

பதினோரு வருடம் ஒரு வசனத்தில் முடிந்தது. அந்த வீட்டின் படிகள் எத்தனை, எந்த யன்னல் ஷிரோக்கோவில் தானே திறக்கும், கிழவியின் எந்த முழங்கால் வலிக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். நான் உள்ளே போகலாமா என்பது மட்டும் இன்னொருவன் வாயில் இருந்தது. எல்லைக்கல் என்றால் கல்லாகவே இருக்க வேண்டும் என்றில்லை.

நிறுத்தத்துக்குச் சூசையோடு நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். தின்று மழித்த அந்தச் சதுரத்தின்மேல் பெட்டி மறுபடி கவிழ்ந்திருந்தது, இரண்டு கல்லோடு. எப்போது வைத்தான் என்று தெரியவில்லை.

“என்னாலை உங்கடை வேலை போச்சு, அக்கா.”

“விடடா. வியா மக்வேதாத் தெருப் பக்கம் எத்தினை மாடிப்படி துடைக்கக் கிடக்கு. ‘நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம்’ எண்டு என்னை ஒருக்கா ஏசன்.”

“ஏசினா நீங்கள் கேப்பியளோ?”

பஸ் வந்தது. படியில் கால் வைத்தபோது அவன் வானத்தைப் பார்த்தான். கடல் பக்கம் ஒரு கையளவு மேகம். என்னோடு போனில் கதைக்கும்போதெல்லாம் கேட்பதையே அப்போதும் கேட்டான்.

“மன்னாருக்குக் கோல் எடுத்தா, சித்திரை மழை விழுந்துட்டோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ.”

“உனக்கென்னத்துக்கடா அங்கத்தை மழை? அறுவதையும் வித்துப்போட்டுத்தானே வந்தனி?”

சாரதி கதவை மூடத் தொடங்கினான்.

“மாட்டைத்தான் அக்கா வித்தனான்.”