கூறைச்சேலைக்கு ஏற்ற டியூப்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் எலெக்ட்ரிக்கல் கடையின் பின்னறையில் நாலடி டியூப் லைட் பெட்டிகள் கொஞ்சம் இருந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்றேன். வத்தளை ஃபாக்டரிக்காரர் இரண்டு தரம் வந்து வெறுங்கையோடு போனார்கள். அந்தப் பெட்டிகள் ஒரே ஒருவனுக்காக இருந்தவை. அவன் என் வாசலில் வந்து நின்று கெஞ்ச வேண்டும். என் மேல் போட்ட பழியைத் தன் வாயாலேயே எடுக்க வேண்டும். அதுவரை ஒரு டியூப்கூட வெளியே போகாது என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் நான் வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்தேன். கடைக்கு வேண்டிய சாமான் வாங்குவதும் ஸ்டோர்ஸ் பார்ப்பதும் என் பொறுப்பு. சேலைக் கடைக்கு வெளிச்சம்தான் பாதி வியாபாரம். சற்று மஞ்சள் சாயலான 'வோர்ம் வைட்' டியூப்பில் நல்லதாகப் பார்த்துப் போட்டால் அரக்கும் சரிகையும் எழும்பி நிற்கும். நீலம் பாய்ந்த 'டே லைட்' டியூப்பின் கீழே அதே கூறைச்சேலை காய்ச்சலில் படுத்து எழும்பின ஆள் மாதிரி இருக்கும். எங்கள் சனமோ லேசில் நம்பாது. பிடித்த சேலையைத் தூக்கிக்கொண்டு காலி வீதிப் பக்கம் வாசலுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் ஒருதரம் விரித்துப் பார்த்தால்தான் மனம் ஆறும். உள்ளே ஒரு நிறம், வாசலில் வேறு நிறம் என்றால் சேலையை மேசையில் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

அதனால் டியூப் வாங்க நானே புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்குப் போவேன். ஒவ்வொரு பெட்டியையும் உடைப்பித்து, இரண்டு மூன்றை ஹோல்டரில் மாட்டி எரித்து, கைப்பையில் கொண்டுபோன அரக்குப் பட்டுத் துண்டை அதன் கீழே பிடித்துப் பார்ப்பேன். பார்க்காமல் ஒரு பெட்டியும் வாங்கியதில்லை. முதலாளியின் மனைவியின் தம்பி மனேஜராக வந்து சேர்ந்தபோது இதுதான் அவனுக்குப் பெரிய பகிடி.

"என்னக்கா, டியூப்புக்கும் பொம்பிளை பாக்கிறியளோ?" என்பான். சேல்ஸ் பெட்டையள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், புத்தி கெட்ட விசரி.

அம்மாவைக் களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்திருந்த கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் எங்கேயோ மலிவாகக் கிடைத்ததென்று பெட்டி உடைக்காமலே டியூப் வாங்கி, கடை முழுக்க மாட்டிவிட்டான். பெட்டியின் வெளியே ஒரு ரகம், உள்ளே இரண்டு ரகமும் கலந்து. ஒரு தாய் மகளின் கலியாணத்துக்குக் கூறைச்சேலையும் அதற்குச் சட்டைத் துணியும் எடுத்தா. சேலை விரித்த பக்கம் ஒரு டியூப், துணி விரித்த பக்கம் வேறு டியூப். அன்று அடை மழை, வாசலுக்குக் கொண்டுபோகவும் இல்லை. வீட்டில் போய்ப் பார்த்தால் சேலை அரக்கு, சட்டை செங்கல்.

நான் திரும்பி வேலைக்கு வந்த அன்றுதான் அந்தத் தாயும் வந்தா. இரண்டையும் மேசையில் வைத்து, "இது கலியாணத்துக்கு உடுக்கிறதோ, செத்த வீட்டுக்கு உடுக்கிறதோ?" என்று கேட்டா. முதலாளி மேலே டியூப்பைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். அவன் கொஞ்சமும் கூசாமல், "அக்கா வாங்கி வச்சதுதான். கொமிஷன் கிடைச்சிருக்கும்" என்றான்.

நான் ஆஸ்பத்திரியில் நின்றதைச் சொன்னேன். வாங்கியது நான் இல்லை என்று சொன்னேன். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். "பிள்ளை, நாளையில இருந்து வர வேண்டாம்" என்றார், அத்தனை சனத்துக்கு முன்னால். நான் கிருலப்பனையில் என் வீட்டுக்கு வந்து சேர முன்னமே கதை வந்து சேர்ந்துவிட்டது. கொமிஷன்காரி என்று பெயர். வெள்ளவத்தையில் ஒரு கடையும் என்னை எடுக்கவில்லை. அறுவான், ஒரு வாய்ச்சொல்லில் என்னை நடுத்தெருவில் விட்டான்.

வெள்ளவத்தை எடுக்காததால்தான் கொட்டாஞ்சேனைக்கு வந்து சின்னதாக இந்தக் கடையைப் போட்டேன். கடை பிடித்துக்கொண்டது. ஆனால் நல்ல வோர்ம் வைட் டியூப் எங்கே கண்டாலும் அவன் முகம்தான் வரும். வாங்கி உள்ளே வைப்பேன். துறைமுகக் காற்றுக்கு முனைக்கம்பி துருப்பிடிக்கும் என்று பலகை போட்டு அடுக்கினேன்; கீழ்ப்பெட்டி நசியாதபடி உயரமாக அடுக்காமல் வைத்தேன். மாதம் ஒருமுறை எரித்துப் பார்ப்பேன். ஒவ்வொன்றும் பற்றும்போது, வருவாய் தம்பி, ஒருநாள் வருவாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

டொலர் இல்லை, இறக்குமதி இல்லை என்று நாடு கிடந்த காலத்தில் வந்தான். பழைய டியூப்கள் கறுத்துப்போய், கிடைத்த மலிவு எல்.ஈ.டி.யைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கூறைச்சேலை எல்லாம் ஊதாவாய்த் தெரிய, சனம் வாசலில் விரித்துப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்ததாம். தையில் கலியாண சீசன்.

"அக்கா, உங்களிட்ட இருக்கெண்டு கேள்விப்பட்டனான்."

"ஓம், இருக்கு. நானே கொண்டு வாறன். சனிக்கிழமை பின்னேரம், கடை நிறைஞ்சு இருக்கேக்க. அண்டைக்கு அந்த டியூப்பை ஆர் வாங்கினதெண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுவீர். சொன்னாத்தான் பெட்டி இறங்கும்."

அவன் முகம் செத்துப்போனது. தலையாட்டினான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

சனிக்கிழமை இரண்டு த்ரீவீலில் பெட்டிகளோடு போனேன். நல்ல சேலை ஒன்று உடுத்திக்கொண்டுதான் போனேன். கடை நிறைய சனம். அவன் மேசைக்குப் பின்னால் நின்று, வியர்த்து, தொண்டையைச் செருமிச் செருமிச் சொன்னான். "அந்தப் பிழையான டியூப்பை வாங்கினது நான்தான். அக்கா வாங்கேல்ல. அவா கொமிஷன் எடுத்தவா எண்டதும் நான் சொன்ன பொய்." பழைய பெட்டையளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் இத்தனை வருசமும் காத்திருந்தேன். அவர் கையிலிருந்த சேலையை மடித்து முடித்தார்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும், பிள்ளை" என்றார். "மனுசியின்ர தம்பியை நான் எப்பிடி அனுப்புறது? ஆரையாவது அனுப்பத்தானே வேணும், அந்தத் தாய்க்கு முன்னால. நீ கெட்டிக்காரி, எங்க போனாலும் பிழைப்பாய் எண்டு எனக்குத் தெரியும். பார், இப்ப சொந்தக் கடை."

பாராட்டுகிற முகத்தோடு சிரித்தார்.

பெட்டிகளைத் திரும்ப ஏற்றச் சொல்லி த்ரீவீல்காரரிடம் சிங்களத்தில் சொன்னேன். முதலாளி நடைபாதை வரை பின்னால் வந்தார். "பிள்ளை, சீசன் நேரம், என்ன விலையெண்டாலும் சொல்லு" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் த்ரீவீலில் ஏறினேன்; திரும்பியிருந்தால் அழுதிருப்பேன். அவருக்கு முன்னால் அழ நான் ஆயத்தமில்லை.

தம்பி மேல் இருந்த கோபம் அன்றே செத்துவிட்டது. அவன் வெறும் பயந்தாங்கொள்ளி. இத்தனை வருசமும் ஆள் மாறிக் கறுவியிருக்கிறேன். முதலாளிக்கு வயது போய்விட்டது, விட்டுவிடு என்கிறார்கள். எனக்கு இன்னும் போகவில்லை; பெட்டிகள் இப்போது அவருக்காக இருக்கின்றன.